கடலைக் கட்ட முடியாது... பயத்தைக் கட்டலாம்!

புத்தாண்டை வரவேற்க உங்கள் வீட்டுக்கென்று ஒரு சின்னச் சடங்கு

டிசம்பர் 31 ராத்திரி. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் போன வருஷத்துக்கு நன்றி சொல்லி, புது வருஷத் திருப்பலிக்குக் கூட்டம் சேரும். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களிலும் நடுராத்திரி ஆராதனை. பேக்கரிகளில் கேக்கும் மக்ரூனும் பறக்கும். மணி பன்னிரண்டு அடித்ததும் தெருவெல்லாம் 'ஹேப்பி நியூ இயர்!'

மறுநாள்? தூக்கம் கெட்டு, பத்து மணிக்கு எழுந்து, டி.வி. முன்னால் உட்கார்ந்தால் பொழுது போச்சு. 'நாளையிலேர்ந்து வாக்கிங்', 'இனிமே கோபமே பட மாட்டேன்' என்ற சபதமெல்லாம் பொங்கலுக்குள் காணாமல் போய்விடும்.

"காலண்டர் மாறுது, அவ்வளவுதானே! இதுக்கு எதுக்குங்க இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அலுத்துக்கொள்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆர்ப்பாட்டம் தேவையில்லைதான். ஆனால், சடங்கு தேவை. இரண்டும் வேறு வேறு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறியது. வீட்டுக்குள் வெள்ளம். சரியாக இரண்டே வாரத்தில் 2024 பிறந்தது. மெத்தை நனைந்து, பீரோவில் சேறு படிந்து, குழந்தையின் பாடப் புத்தகம் ஊறிக் கிடக்கிற வீட்டில் 'ஹேப்பி' என்ற வார்த்தை வாயில் வருமா? வராது. ஆனாலும், கழுவிவிட்ட வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால், 'நாளைக்கும் இந்த வீட்டில் நாம் இருக்கிறோம்' என்று மனசுக்குச் சொன்ன மாதிரி ஆகிறது.

கேக்கும் பட்டாசும் சந்தோஷமாக இருப்பவர்களுக்கு. சடங்கு எல்லோருக்கும். முக்கியமாக, கலங்கிப் போயிருப்பவர்களுக்கு.

சுறாவைக் கட்டிய மந்திரம்

இதை நன்றாகப் புரிந்துகொள்ள, முத்துக்குளித்த காலத்துக்குப் போக வேண்டும்.

அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன், பல நூற்றாண்டுகளாக இந்தக் கரையின் பெயரே முத்தால்தான். குளிப்பவர் கனமான கல்லின் துணையோடு சரசரவென்று கடலடிக்கு இறங்குவார். மேலே தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துச் சமிக்ஞை கொடுக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, கண்ணாடி முகமூடி கிடையாது. சுறா இருக்கிறதா என்பதும் தெரியாது.

அதனால் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புகளில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை! அவர் இல்லாமல் பலர் கடலில் இறங்கவே மாட்டார்கள். இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் பிரிட்டிஷ் அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. போதாததற்குத் தோணிகளிலிருந்து தினமும் சிப்பியும் உண்டு. 'மூடநம்பிக்கை' என்று சிரித்த அதே துரைமார்கள்தான் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள்.

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவரின் பயம் கட்டுப்பட்டது. இதில் உடல்நல விஷயம் ஒன்று இருக்கிறது. பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், உடம்பு ஆக்சிஜனைச் சீக்கிரம் செலவழிக்கும். மூச்சடக்கி இருக்கிற நேரம் குறையும். மனசு அமைதியாக இருந்தால் அதே நுரையீரலில் உள்ள காற்று இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கடல்கட்டி சொன்ன மந்திரம் தண்ணீருக்குள் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். தோணியில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சுக்குள் வேலை செய்தது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர், முதல் உலகப் போர்க் காலத்தில் பாப்புவா நியூகினி அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி மீனவர்களைக் கவனித்தார். ஆபத்தில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் எந்தச் சடங்கும் செய்வதில்லை. கைத்திறமையே போதும். நடுக்கடலுக்குப் போகும்போது மட்டும் வரிசையாகச் சடங்குகள்! நம் கையில் இல்லாதது அதிகமாகும்போது சடங்கும் அதிகமாகிறது என்று அவர் எழுதினார்.

'அது தீவுவாசிகளுக்கு... படித்தவர்களுக்குமா?' என்று கேட்கிறீர்களா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் முன்னால் பாட வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். பாடுவதற்கு முன் ஒரு பகுதியினருக்கு ஒரு சடங்கு கொடுத்தார்கள். மனசில் இருப்பதைக் காகிதத்தில் படமாக வரை, அதன்மேல் உப்பைத் தூவு, ஐந்து வரை சத்தமாக எண்ணு, கசக்கிக் குப்பைக் கூடையில் போடு... அவ்வளவுதான்! இதைச் செய்தவர்களுக்கு இதயத் துடிப்பின் வேகம் குறைவாக இருந்தது, பாட்டும் நன்றாக வந்தது. இன்னொரு வேடிக்கை: இதே செயல்களைச் 'சடங்கு' என்று சொல்லிச் செய்ய வைத்தபோதுதான் பலன் தெரிந்தது. 'சும்மா செய்' என்று சொன்னபோது அவ்வளவாக இல்லை.

உப்பு! தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து குழம்பிப்போன உப்பளப் பாத்திகளை, மழை ஓய்ந்ததும் சேறு வாரி, காலால் மிதித்து இறுக்கி, மறுபடி சமன் செய்கிறார்கள். அப்புறம்தான் கடல்நீரையோ உவர்நீரையோ பாய்ச்சிப் புது உப்பு. வருஷா வருஷம் ஜனவரி வாக்கில் அங்கே தொழிலே புதிதாகப் பிறக்கிறது. பழைய சேற்றை வாராமல் புது உப்பு விளையாது என்பது நம் மனசுக்கும் பொருந்தும்.

குடும்பங்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. பார்பரா ஃபீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 50 ஆண்டுகளில் வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்டார். சேர்ந்து சாப்பிடுவது, பண்டிகையை ஒரே மாதிரி கொண்டாடுவது போன்ற வழக்கங்கள் உள்ள வீடுகளில் பிள்ளைகளின் ஆரோக்கியம், பெற்றோரின் மனநிறைவு, தம்பதிகளின் ஒற்றுமை ஆகியவை மேலாக இருப்பதோடு அவை தொடர்புள்ளவை என்பது அதன் சாரம்.

நாலு பேர் செய்வதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது

சொந்தச் சடங்கை ஆகாயத்திலிருந்து கொண்டுவர வேண்டாம். அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது.

கண்ணில் படும் முதல் காட்சி: தென்மாவட்டங்களில் சித்திரை முதல் நாளை 'சித்திரை விசு' என்பார்கள். முதல் நாள் ராத்திரியே தாம்பாளத்தில் பழங்கள், பூ, வெற்றிலை, நகை, நாணயம், கண்ணாடி எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, விடிந்ததும் அதில்தான் கண் விழிப்பார்கள். ராத்திரியே எடுத்து வைப்பதுதான் இதில் சூட்சுமம். காலையில் யோசிக்க வேலை இல்லை.

கையால் ஒரு வேலை: தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் கிராமங்கள் சிலவற்றில் அதே நாளில் பொன்னேர் பூட்டுவார்கள். விதைப்புக் காலம் வர இன்னும் மாதக் கணக்கில் இருக்கும். ஆனாலும் ஏரைப் பூட்டி நிலத்தில் நாலு சால் உழுதுவிட்டு வருவார்கள். பெரிய வேலையைத் தொடங்க, சின்னதாக ஒரு தொடுதல்.

ஒரே ஒரு வாக்கு: கிறிஸ்தவக் குடும்பங்களில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை வாங்குகிற வழக்கம் உண்டு. அந்த ஒரு வசனம் வருஷம் முழுக்க வீட்டுச் சுவரில் இருக்கும். இருபது தீர்மானங்களை எழுதி டிராயரில் போடுவதைவிட இது புத்திசாலித்தனம்.

பெரியவர், சின்னவர்: கப்பல்களில் ஒரு அழகான பழைய மரபு இருக்கிறது. நான்கு மணி நேரக் காவல் முடிந்தால் எட்டு மணி அடிப்பது கப்பல் வழக்கம். புத்தாண்டு நடுராத்திரியில் மட்டும் பதினாறு! பழைய வருஷத்துக்கான எட்டைக் கப்பலில் வயதில் மூத்தவர் அடிப்பார். புது வருஷத்துக்கான எட்டை வயதில் இளையவர் அடிப்பார். தாத்தாவும் பேரனும் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சடங்கு வேறென்ன?

இனிப்போடு கசப்பும்: மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்த பச்சடியைச் சித்திரையில் வைப்பது சும்மா ருசிக்கு இல்லை. வருகிற வருஷம் முழுக்க இனிப்பாக இருக்கும் என்று யாரும் வாக்கு கொடுக்க முடியாது. அதைக் குழந்தையின் நாக்கிலேயே சொல்லிவிடுகிறார்கள்!

உங்கள் வீட்டுச் சடங்கு - ஆறு படிகள்

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி 1, சித்திரை 1, முஹர்ரம் மாதப் பிறப்பு, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன், உங்கள் பிறந்தநாள்... எதுவும் சரி. வருஷம், மாதம், வாரம் தொடங்கும் நாட்களிலும் பிறந்தநாளுக்குப் பிறகும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது என்று 2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். மனசு 'புதுக் கணக்கு' தொடங்க ஒரு கோடு கேட்கிறது. ஜனவரியில் தவறிவிட்டதா? சித்திரை இருக்கிறது!

2. பழையதை முடித்து வையுங்கள். ஆளுக்கொரு துண்டுக் காகிதம். போன வருஷத்தில் மனசை அழுத்திய ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். யாரும் யாருடையதையும் படிக்கக் கூடாது. வேண்டுமானால் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மடித்து, கிழித்துப் போட்டுவிடுங்கள். கூடவே, நல்லதாக நடந்த ஒன்றை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3. கையால் ஏதாவது செய்யுங்கள். கோலம், விளக்கு, மெழுகுவத்தி, செடி நடுவது... உப்பு ஜாடியைக் கழுவிப் புது உப்பு நிரப்புவதுகூடப் போதும். (ஜாடியில் நிறைய இருக்கட்டும், குழம்பில் குறையட்டும்! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.)

4. எல்லோருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். மூத்தவர் பழையதை முடிக்கட்டும், கடைக்குட்டி புதியதைத் தொடங்கட்டும். அம்மா மட்டும் அடுக்களையில் வெந்துகொண்டிருக்க, மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால் அது சடங்கே இல்லை. அன்றைக்கு டிபன் சாதாரணமாக இருந்தால் குடிமுழுகிப் போகாது.

5. ஒரே ஒரு ஆரோக்கிய வாக்கு. 2002-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின்படி, புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களில் ஆறு மாதம் கழித்தும் 46 சதவிகிதம் பேர் அதைக் காப்பாற்றிவந்தார்கள். மாற வேண்டும் என்று ஆசை இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்களில் இது 4 சதவிகிதம்தான். ஆக, சபதம் வீண் இல்லை! எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. 2020-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், 'இதை விட்டுவிடுவேன்' என்றவர்களைவிட 'இதைச் செய்வேன்' என்றவர்களே அதிகம் ஜெயித்தார்கள். 'நொறுக்குத் தீனியை விடுவேன்' என்பதை 'சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கொய்யா சாப்பிடுவேன்' என்று மாற்றுங்கள். ஒரு பழக்கம் தானாக ஓட, சராசரியாக 66 நாள் ஆகிறது என்று லண்டன் ஆய்வு ஒன்று 2010-ல் சொன்னது. ஜனவரி 1-ல் தொடங்கினால் மார்ச் முதல் வாரம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை.

6. அடுத்த வருஷமும் அப்படியே செய்யுங்கள். திரும்பச் செய்வதில்தான் சடங்கின் பலம். புதுசு புதுசாகச் சேர்க்கப் போய் மூன்று மணி நேரம் ஆக்கிவிடாதீர்கள். இருபது நிமிஷம் தாண்டினால் பிள்ளைகள் நழுவிவிடும்.

வீட்டில் ஒருவர் இல்லையா?

துறைமுக ஊரில் இது சாதாரணம். அப்பா கப்பலில், அண்ணன் வளைகுடா நாட்டில். பண்டிகையன்று வீட்டில் ஒரு நாற்காலி காலி. போனில் 'ஹலோ... ஹேப்பி நியூ இயர்... சாப்டியா?' என்பதற்கு மேல் பேச வராது. முன்கூட்டியே பேசிவைத்து, இருவரும் ஒரே செயலைச் செய்யுங்கள். இங்கே விளக்கு ஏற்றும்போது அங்கே அவர் ஒரு டம்ளர் காபியோடு டெக்கில் நிற்கட்டும். அவருடைய காகிதத் துண்டை அவர் அங்கேயே எழுதிக் கிழிக்கட்டும். கடலில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பேச முடியாவிட்டாலும் 'இந்நேரம் அவரும் செய்துகொண்டிருப்பார்' என்ற நினைப்பு இரண்டு பக்கமும் தெம்பு.

திரும்பி வராதவர் இருந்தால்? இறப்பு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அதில் ஞானம் உண்டு. சிரிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால், அந்த நாள் எப்படியும் வரத்தான் போகிறது. அதை மௌனமாகத் தாண்டுவது சில சமயம் அழுவதைவிடக் கஷ்டம். துக்க காலத்தில் சிறு சடங்கு செய்தவர்களுக்கு, நிலைமை தங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்ற தவிப்பு குறைகிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு காட்டியது. கொண்டாட்டம் வேண்டாம். அவருக்குப் பிடித்த பாட்டை ஒரு தடவை போடுங்கள். ஆளுக்கு ஒரு வரி அவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆச்சி அழுதால் அழட்டும். 'நல்ல நாள் அதுவுமா அழாதீங்க' என்று வாயை அடைக்காதீர்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களே, உங்களுக்கும் சடங்கு உண்டு. விளக்கை ஏற்றிவிட்டு, ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருக்கு நீங்களே முதலில் போன் போடுங்கள். அந்த வருஷத்தின் முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும்.

உஷார்!

சடங்கு உங்களைத் தாங்க வேண்டும், நீங்கள் அதற்கு அடிமை ஆகக் கூடாது. 'விளக்கு அணைந்துவிட்டது, இந்த வருஷம் விளங்காது' என்று பயம் வந்தால், சடங்கு தன் வேலையை மறந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் கெட்டது நடக்கும் என்ற எண்ணம் தினமும் வாட்டினால், அது ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். அதேபோல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதைச் சடங்கு சரிசெய்யாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

இன்னும் சில:

* நடுராத்திரி கண் விழிக்கிறேன் பேர்வழி என்று பெரியவர்கள் பி.பி., சர்க்கரை மாத்திரையைத் தவறவிடக் கூடாது. வழிபாட்டுக்குப் போகும் முன்பே சாப்பாடும் மாத்திரையும் முடியட்டும்.

* சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேக்கில் ஒரு சிறு துண்டு. மக்ரூனில் முந்திரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சர்க்கரையும் இருக்கிறது!

* பழையதைக் கொளுத்துகிறோம் என்று டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்த வேண்டாம். ஆஸ்துமா உள்ள பக்கத்து வீட்டுக் குழந்தை பாவம்.

* நள்ளிரவு பைக் சவாரி எந்தச் சடங்கிலும் இல்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வரும் வருஷம் என்ன கொண்டுவரும் என்று யாருக்கும் தெரியாது. முத்துக்குளித்தவருக்கும் கடலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதுதான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினார். உங்கள் வீட்டில் யார் கயிற்றை யார் பிடித்திருக்கிறார் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து சொல்லிக்கொள்ளுங்கள். இருபது நிமிஷம், ஒரு விளக்கு, ஆளுக்கொரு துண்டுக் காகிதம்... செலவு அவ்வளவுதான்!